பாதிக்குப் பாதி: இட்டைப்பு அணைப் பயணம்

வியாழன்

பிரேசிலின் ஃபோஸ் டோ இகுவாசு நகரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அருவி பார்க்க வருகிறார்கள். விமான நிலையச் சுவரில் அருவி, டாக்சியின் கதவில் அருவி, விடுதி அறைச் சாவியில் தொங்கும் அட்டையிலும் அருவி. நாங்கள் அணை பார்க்க வந்திருக்கிறோம் என்று வரவேற்பு மேசையில் சொன்னதும் அந்தப் பெண் பொறுமையாகத் தலையசைத்துவிட்டு, "அப்படியானால் அருவிக்கு நாளை காலையா, மாலையா?" என்று கேட்டார்.

உடன் வந்திருப்பவர் என் சித்தப்பா. மின் நிலையங்களிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை அருவி என்பது டர்பைனுக்குள் போகாமல் தப்பித்துக்கொண்ட தண்ணீர். இட்டைப்பு அணையை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருக்குத் துணையாக வந்தேன் என்று நான் சொல்லிக்கொண்டால் அது பொய். மிகப் பெரிய கட்டுமானங்களைப் பார்ப்பதில் எனக்கும் ஒரு சபலம் உண்டு.

பரானா ஆறுதான் இங்கே பிரேசிலுக்கும் பராகுவேக்கும் எல்லை. அதன் குறுக்கே இரு நாடுகளும் சேர்ந்து கட்டிய அணை இது. தலா 700 மெகாவாட் திறனுள்ள 20 இயந்திரங்கள், மொத்தம் 14,000 மெகாவாட். நீண்ட காலம் உலகின் மிகப் பெரிய நீர்மின் நிலையமாக இருந்தது. பிறகு சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை 22,500 மெகாவாட்டுடன் முந்திக்கொண்டது. அதே நாட்டின் பைஹேத்தான் அணையும் 16,000 மெகாவாட்டுடன் இப்போது முன்னால் நிற்கிறது.

"அப்படியானால் மூன்றாம் இடத்தைப் பார்க்கவா சித்தப்பா, பூமியின் மறுபக்கம் வரை வந்திருக்கிறோம்?" என்று சீண்டினேன்.

"பலகையில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்க்காதே அம்மா. வருடக் கடைசியில் மீட்டரைப் பார்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் இட்டைப்பு 103.1 டெராவாட் மணி மின்சாரம் தந்தது. அன்றாட வழக்கில் சொன்னால் 10,310 கோடி யூனிட். அளவில் இதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதான மூன்று பள்ளத்தாக்கு அணை அந்த ஆண்டுச் சாதனையை முறியடிக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அணை நிற்கும் யாங்சி ஆறு மழைக்காலத்தில் பொங்கி மற்ற மாதங்களில் இளைத்துவிடும். பரானா அப்படியில்லை. மேலே பல அணைகள் அதன் வேகத்தை ஒழுங்குபடுத்தி அனுப்புவதால் ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக வருகிறது. இயந்திரங்கள் சும்மா நிற்கும் நாட்கள் குறைவு.

வெள்ளி

பிரேசில் கரையில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் முதலில் ஒரு படம் போட்டுக் காட்டுகிறார்கள். இந்த அணையில் புதைந்திருக்கும் இரும்பையும் எஃகையும் கொண்டு 380 ஈபிள் கோபுரங்கள் கட்டலாம். கான்கிரீட்டைக் கொண்டு ரியோவின் மரக்கானா விளையாட்டரங்கத்தைப் போல 210 கட்டலாம். இந்த மாதிரிக் கணக்குகள் எனக்கு எதையும் உணர்த்துவதில்லை. 380 ஈபிள் கோபுரங்களை ஒருசேர யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனால் அரங்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் 'ஆ' எழுந்தது.

பிறகு மேல்தளம் திறந்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அணையை வெளியிலிருந்து மட்டும் சுற்றிக் காட்டும் சவாரி இது.

முதல் நிறுத்தத்தில் உபரிநீர்ப் போக்கியைப் பார்க்கலாம். பராகுவே கரையை ஒட்டி 14 மதகுகள், அவற்றுக்குக் கீழே மூன்று பெரிய கான்கிரீட் சரிவுகள். எல்லாம் முழுவதுமாகத் திறந்தால் வினாடிக்கு 62,200 கன மீட்டர் நீர் பாயும். இகுவாசு அருவியில் சராசரியாக விழும் நீரைப்போல் 40 மடங்கு. விளம்பரப் படங்களில் எப்போதும் இந்தச் சரிவுகளில் வெள்ளை நுரை சீறிப் பாய்ந்து, அதன் முனையில் தாவி எழுந்து, ஆற்றில் போய் விழும். நாங்கள் போனபோது 14 மதகுகளும் மூடியிருந்தன. சரிவுகள் காய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தன. பஸ்ஸில் இருந்த குழந்தைகள் வெளிப்படையாகவும் பெரியவர்கள் மறைவாகவும் ஏமாந்தார்கள்.

சித்தப்பா ஒருவர்தான் மகிழ்ந்தார். மதகு திறப்பது என்றால் டர்பைனுக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது, காசு ஆற்றோடு போகிறது என்று பொருள். பார்வையாளருக்குக் கொண்டாட்டமான நாள் மின் பொறியாளருக்கு நஷ்டமான நாள். வழிகாட்டியும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார்: ஆண்டின் பெரும்பகுதி இது மூடித்தான் இருக்கும், எங்களுக்கு அது பெருமை, உங்களுக்கு ஏமாற்றம்.

அடுத்த நிறுத்தத்தில் அணையின் முகம் நேராகத் தெரிகிறது. 196 மீட்டர் உயரம் என்று படித்துவிட்டுப் போனால் அங்கே 196 மீட்டர் தெரியாது. எல்லாமே ஒரே அளவில் பெரிதாக இருக்கும்போது கண் தடுமாறுகிறது. சுவரின் மேலிருந்து கீழே இறங்கும் வெள்ளை நிறக் குழாய்கள்தான் முதலில் கவனத்தில் படுகின்றன. பத்தடித் தூண்கள் போலத் தோன்றுகின்றன. அவற்றின் அடியில் ஊர்ந்த ஒரு சரக்கு வண்டியைப் பார்த்த பிறகுதான் தலைக்கு உறைத்தது: ஒவ்வொரு குழாயின் விட்டமும் 10.5 மீட்டர். இரண்டு மாடி பஸ்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உள்ளே போய்விடும். ஒரு குழாய் வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 700 கன மீட்டர் நீர் இறங்கி ஒரு டர்பைனைச் சுற்றுகிறது. இரண்டு குழாய்களின் நீரைச் சேர்த்தால் இகுவாசு அருவி முழுவதும் அதில் அடங்கிவிடும். அப்படிப்பட்ட குழாய்கள் 20.

பஸ் அணையின் உச்சியில் ஏறியது. ஒரு பக்கம் கீழே வெகு ஆழத்தில் ஆறு. மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் ஏரி. 170 கிலோமீட்டர் நீளம், 1,350 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2,900 கோடி கன மீட்டர் நீர். நமக்குப் பழக்கமான கணக்கில் ஆயிரம் டிஎம்சிக்கும் மேல். கான்கிரீட் சுவர், பாறை நிரப்பிய கரை, மண் கரை எல்லாம் சேர்த்து அணையின் நீளம் எட்டுக் கிலோமீட்டரை நெருங்குகிறது.

இதைக் கட்டுவதற்கு முதலில் ஆற்றை இடம் மாற்றியிருக்கிறார்கள். 2 கிலோமீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம், 90 மீட்டர் ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து புதிதாக ஒரு கால்வாய் வெட்டி, 1978 அக்டோபரில் பரானாவை அதற்குள் திருப்பினார்கள். காய்ந்த ஆற்றுப் படுகையில் அணை எழுந்தது. 1982 அக்டோபர் 13 அன்று கால்வாயை மூடினார்கள். வெறும் 14 நாட்களில் நீர் 100 மீட்டர் உயர்ந்து மதகுகளைத் தொட்டுவிட்டது. தண்ணீர் ஏற ஏறப் படகுகளில் போய் மரக்கிளைகளிலும் திட்டுகளிலும் தவித்த 36,000க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பிடித்து வந்தார்கள் என்று படத்தில் காட்டினார்கள். அந்த நீருக்கு வழிவிட்ட மனிதர்களைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது. பிரேசில் கரையில் மட்டும் பல்லாயிரம் பேர் நிலத்தை இழந்தார்கள். ஆவா-குவரானிப் பழங்குடியினரின் வாழ்விடங்கள் மூழ்கின. நியாயமான இழப்பீடு கேட்டு 1980ல் இங்கே விவசாயிகள் முற்றுகையிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள காஸ்காவெல் நகரில் 1984ல் தொடங்கப்பட்ட பிரேசிலின் நிலமற்ற தொழிலாளர் இயக்கத்துக்கு அந்தப் போராட்டமும் ஒரு வேர். பார்வையாளர் மையத்தில் விலங்குகளுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இரவில் அணைக்கு விளக்கேற்றும் காட்சி ஒன்று உண்டு. இசை முழங்க, விளக்குகள் பகுதி பகுதியாக எரிந்து சுவர் முழுவதும் ஒளிர்கிறது. பெஞ்சுகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இசை உச்சத்துக்குப் போய் நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. பகலில் பேசாமல் நின்று பயமுறுத்தியதை இரவில் திருமண மண்டபம் ஆக்கிவிட்டார்கள்.

சனி

உள்ளே அழைத்துப் போகும் சுற்றுலா தனி. அதற்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், கால் மூடிய செருப்போ ஷூவோ அணிந்திருக்க வேண்டும். தலைக்கவசம் அவர்கள் தருகிறார்கள். இந்தப் பயணத்துக்கான நியாயம் முழுவதும் இந்த ஒரு காலையில் இருந்தது.

அணை என்றால் திடமான கான்கிரீட் மலை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இட்டைப்புவின் மையப்பகுதியோ உள்ளே காலியான சுவர். வரிசையாக நிற்கும் பெரிய பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார்கள். இருபுறமும் கான்கிரீட் ஏறிக்கொண்டே போய் உச்சியில் சாய்ந்து சேர்கிறது. இங்குள்ளவர்கள் அதைத் தேவாலயம் என்று அழைக்கிறார்கள். குளிர்ச்சி, ஈர வாடை, எங்கோ சொட்டும் நீர்.

இப்படிக் காலியாக விட்டதற்குச் சிக்கனம் ஒரு காரணம்; திடச் சுவரைவிடக் கான்கிரீட் மிச்சம். இன்னொரு காரணத்தைச் சித்தப்பா விளக்கினார். தேங்கிய நீர் அணையை முன்னாலிருந்து மட்டும் தள்ளுவதில்லை. பாறை இடுக்குகள் வழியாக அடியில் ஊறிப்போய்க் கீழிருந்து மேலாகவும் தூக்கப் பார்க்கும். தன் எடையால் நிற்கும் அணைக்கு அதுதான் ஆபத்தான எதிரி. அடியில் வெற்றிடம் இருந்தால் அந்த அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது. கசியும் நீர் வடிகால்களில் ஓடுவதைக் காட்டி, "கசிவைப் பார்த்துப் பயப்படாதே. கசியவே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும்" என்றார். சுவருக்குள்ளும் அடிப்பாறையிலும் புதைத்திருக்கும் 2,000க்கும் மேற்பட்ட கருவிகள் அழுத்தம், சாய்வு, வெப்பநிலை எல்லாவற்றையும் ஓயாமல் அளந்துகொண்டிருக்கின்றன.

அங்கிருந்து மின்நிலையக் கட்டடம். நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தரையில் வரிசையாகப் பெரிய வட்ட மூடிகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் இயந்திரம். இயந்திரங்களுக்கு 1 முதல் 18 வரை எண் போட்டிருக்கிறார்கள். 1984 மே மாதம் முதல் மின்சாரம் கிடைத்தது. 1991க்குள் பதினெட்டும் ஓடத் தொடங்கின. அதன்பின் 2000களில் இன்னும் இரண்டைச் சேர்த்தபோது அவற்றுக்கு 19, 20 என்று பெயர் வைக்கவில்லை. 9ஏ, 18ஏ என்று வைத்தார்கள். ஏன் இந்த விநோதம் என்று எனக்குப் புரியவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது புரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்த அறையைப் பார்க்கலாம். இரு நாட்டு எல்லை இந்த அறைக்கு நடுவே போகிறது என்றார் வழிகாட்டி. ஒரே நீண்ட மேசையில் பிரேசில்காரரும் பராகுவேக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். 1973 ஏப்ரல் 26 அன்று பிரேசிலின் மெடிசியும் பராகுவேயின் ஸ்ட்ரோஸ்னரும் முன்னிலை வகித்துக் கையெழுத்தான ஒப்பந்தம், எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துவிட்டது. இருவருமே ராணுவ ஆட்சியாளர்கள். இந்த நிறுவனத்துக்குத் தலைமை இயக்குநர் இருவர், நாட்டுக்கு ஒருவர். நிர்வாகக் குழுவில் சம எண்ணிக்கை. ஆவணங்கள் போர்த்துகீசியத்திலும் ஸ்பானிஷிலும். மின்சாரமும் பாதிக்குப் பாதி. 20 இயந்திரங்களில் 10 பராகுவேக்கு, 10 பிரேசிலுக்கு. 1 முதல் 9 வரையும் 9ஏயும் ஒரு நாடு. 10 முதல் 18 வரையும் 18ஏயும் மறு நாடு. புதிய இயந்திரங்களை 19, 20 என்று வரிசையாக எண்ணியிருந்தால் இந்தச் சமச்சீர் கெட்டிருக்கும்.

இதுவரை அரசியல். இதற்கு மேல் உள்ளதைக் கேட்டபோதுதான் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது.

பிரேசிலின் மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி (ஹெர்ட்ஸ்). பராகுவேயின் மின்சாரம் 50. இரண்டையும் ஒரே கம்பியில் கலக்க முடியாது. உங்கள் நாட்டையே 60க்கு மாற்றிக்கொள்ளுங்கள், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று பிரேசில் கேட்டுப் பார்த்தது. பராகுவே மறுத்துவிட்டது. வீட்டு மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதையும் பக்கத்து நாடு முடிவு செய்வதா என்ற ரோஷம் எனக்குப் புரிகிறது. விளைவாக ஒரே அணையில், ஒரே கூரையின் கீழ், இரண்டு வகை ஜெனரேட்டர்கள். பராகுவே பக்கத்து இயந்திரங்களின் சுழலியில் 66 காந்த முனைகள். பிரேசில் பக்கத்தவற்றில் 78. சித்தப்பா நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். முனைகள் 66 என்றால் நிமிடத்துக்கு 90.9 சுற்று, 78 என்றால் 92.3 சுற்று. ஒரே ஆறு, ஒரே உயரத்திலிருந்து விழும் நீர், ஆனால் நாட்டுக்கு நாடு ஒன்றரைச் சுற்று வித்தியாசம்.

கதை அதோடு நிற்கவில்லை. பராகுவே சிறிய நாடு. தன் பாதியில் ஒரு பகுதியைத்தான் அதனால் பயன்படுத்த முடிந்தது. மீதியை ஒப்பந்தப்படி பிரேசிலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த மின்சாரம் 50 சுழற்சியில் பிறந்தது. பிரேசிலின் கம்பியில் ஏறாது. ஆகவே அணைக்குப் பக்கத்தில் ஒரு நிலையத்தில் அதை நேர் மின்னோட்டமாக மாற்றி, 600 கிலோவோல்ட் அழுத்தத்தில் 800 கிலோமீட்டர் தூரம் சாவ் பாவ்லோ அருகில் உள்ள இபியூனா வரை கொண்டுபோய், அங்கே 60 சுழற்சியுள்ள மாறு மின்னோட்டமாக மாற்றிக்கொள்கிறார்கள். 6,300 மெகாவாட்டைக் கடத்தும் இந்த அமைப்பு 1980களில் கட்டப்பட்டபோது உலகிலேயே மிகப் பெரியது. அந்த இடத்தைக் கால் நூற்றாண்டு விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒரு நாட்டின் கௌரவத்துக்கு இவ்வளவு செலவா?" என்றேன்.

"செலவுதான். ஆனால் பொறியாளர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?" என்றார். அவர் கட்சி எது என்று கேட்கத் தேவையில்லை.

கடைசியாக, ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தின் தண்டுக்கு அருகே கொண்டுபோனார்கள். டர்பைனையும் ஜெனரேட்டரையும் இணைக்கும் எஃகுத் தண்டு கண் எதிரே சுழல்கிறது. வேகமாக இல்லை, அதுதான் திகைக்க வைக்கிறது. எண்ணிவிடலாம் என்று தோன்றும் வேகத்தில் நிதானமாகச் சுற்றுகிறது. ஒலியைவிட அதிர்வுதான் அதிகம். அது காலுக்கடியிலிருந்து விலா எலும்புக்கு ஏறுகிறது. இந்தத் தண்டின் கீழே தொங்கும் டர்பைன் சக்கரம் ஒவ்வொன்றும் 300 டன். முதலாவதைச் சாவ் பாவ்லோவிலிருந்து சாலை வழியே இங்கே கொண்டுவர 1981 டிசம்பரில் புறப்பட்ட வண்டி 1982 மார்ச்சில்தான் வந்து சேர்ந்ததாம்.

ஒருவர் கேட்டார், இது எப்போதாவது முழுவதும் நின்றிருக்கிறதா என்று. 2009 நவம்பர் 10 இரவு, என்றார் வழிகாட்டி. புயலில் மின்கடத்திப் பாதைகள் துண்டிக்கப்பட, அனைத்து இயந்திரங்களும் நின்றன. பிரேசிலில் கோடிக்கணக்கான மக்கள் சில மணி நேரம் இருளில் இருந்தார்கள். பராகுவே முழுவதும் அணைந்து, கால் மணி நேரத்தில் மீண்டது. பிரிப்பதில் எவ்வளவு கறார் காட்டினாலும் இருட்டு இரு பக்கமும் ஒன்றாக வந்திருக்கிறது.

ஞாயிறு

நட்புப் பாலத்தைக் கடந்து பராகுவே. 1965ல் கட்டிய பாலம். அக்கரையில் சியுடாட் டெல் எஸ்டே. கடைகள், கடைகள், மறுபடியும் கடைகள். ஸ்ட்ரோஸ்னர் ஆட்சியில் இந்த ஊருக்கு அவர் பெயரே இருந்தது. 1989ல் அவர் கவிழ்க்கப்பட்டதும் பெயர் மாறியது. நெரிசலைத் தாண்டி வடக்கே எர்னந்தாரியாசுக்குப் போனால் அதே அணைக்கு மறுபக்கத்து வாசல்.

இங்கே சுற்றுலாவுக்குக் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். சுற்றும் பாதை சிறியது, கூட்டமும் குறைவு. உபரிநீர்ப் போக்கி இந்தக் கரையில் இருப்பதால் அதன் அருகே போக முடிகிறது. காய்ந்த சரிவுதான், ஆனாலும் அதன் விளிம்பில் நின்று பார்க்கும்போது முந்தாநாள் கேட்ட எண்களுக்கு ஒரு பருமன் கிடைத்தது.

சுவாரசியம் வழிகாட்டியின் பேச்சில் இருந்தது. பிரேசில் கரையில் கேட்டது நட்பின் கதை. இங்கே கேட்டது விலையின் கதை. தன் பாதியில் மிஞ்சியதைப் பராகுவே வேறு எந்த நாட்டுக்கும் விற்க முடியாது; பிரேசிலுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும், அதுவும் ஒப்பந்தம் குறித்த விலையில். 2009ல் பராகுவே அதிபர் லூகோவும் பிரேசில் அதிபர் லூலாவும் பேசி, ஆண்டுக்கு 12 கோடி டாலராக இருந்த ஈட்டுத்தொகையை 36 கோடியாக உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். அணைக்காக வாங்கிய கடன் 2023ல் அடைந்து முடிந்தது. ஒப்பந்தத்துக்கு 50 வயதானதால் விலை விதிகளை மறுபரிசீலனை செய்யும் உரிமையும் அதே ஆண்டில் வந்தது. இந்த ஊரில் டாக்சி ஓட்டுநருக்கும் இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. எங்களை அழைத்து வந்தவர் பாலத்திலிருந்து அணை வரை அதையே பேசினார். ஸ்பானிஷ் எனக்குப் பாதிதான் புரியும், கோபம் முழுவதும் புரிந்தது.

திங்கள்

இன்று போனது குவைராவுக்கு. ஏரியின் வடமுனையில் இருக்கும் சிறிய ஊர். பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம். வழி நெடுகச் செம்மண்ணும் சோயா வயல்களும். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று விடுதியில் எச்சரித்தார்கள். இல்லாததைப் பார்க்கத்தான் போனோம்.

1982 வரை பரானா ஆறு குவைராவில் ஒரு குறுகிய பாறைப் பள்ளத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஏழு கூட்டமாக விழுந்த அந்த அருவிகளைப் பிரேசிலில் செட்டே கேடாஸ் என்றும் பராகுவேயில் குவைரா என்றும் அழைத்தார்கள். நீரின் அளவில் உலகின் மிகப் பெரிய அருவிகளில் ஒன்று. இகுவாசுவைவிடப் பல மடங்கு. ஓசை பல கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்குமாம்.

இந்த அருவி யாருக்குச் சொந்தம் என்பதில் இரு நாடுகளுக்கும் பழைய தகராறு இருந்தது. 1965ல் பிரேசில் இங்கே படையை நிறுத்தியது. நிலைமை முற்றுவதற்குள் 1966 ஜூனில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, ஆற்றின் மின்வளத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்வது என்று அறிக்கை வெளியிட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் இட்டைப்பு. ஏரி நிரம்பியபோது சர்ச்சைக்குரிய நிலமும் அருவியும் சேர்ந்தே மூழ்கின. இயந்திரங்களை எண்ணிப் பிரிக்கலாம், மேசையில் நாற்காலிகளைப் பிரிக்கலாம். அருவியைப் பிரிக்க வழி தெரியாமல் தண்ணீருக்குள் வைத்துவிட்டார்கள்.

மூழ்கப் போகிறது என்று தெரிந்ததும் கடைசியாக ஒருமுறை பார்க்க மக்கள் திரண்டு வந்திருக்கிறார்கள். 1982 ஜனவரி 17 அன்று அருவிக்கு மேலே இருந்த தொங்கு பாலம் ஒன்று அறுந்து 32 பேர் இறந்தார்கள். அக்டோபரில் நீர் ஏறியது.

ஊரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. பாறைகளுக்கு நடுவே அந்தரத்தில் ஆடும் நடைபாலங்கள், அதில் தொப்பியும் கவுனுமாகச் சுற்றுலாப் பயணிகள், அடியில் கலங்கிய வெள்ளம். பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனோம். அகலமான, அமைதியான, கலங்கல் நீர். தூரத்தில் அயர்டன் சென்னா பாலம். 1998ல் கட்டிய, மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலம். இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பாவிடம் கேட்டேன்: "தப்பித்துக்கொண்ட தண்ணீர் என்றுதானே சொல்வீர்கள். இது தப்பவில்லையே, திருப்திதானா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது, "14,000 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரித்தால் எவ்வளவு புகை என்று உனக்குத் தெரியுமா?" என்று தொடங்கினார். கணக்கும் சொன்னார். கணக்கில் தவறில்லை. ஆனால் அருங்காட்சியகத்தில் அவர்தான் என்னைவிட அதிக நேரம் நின்றார். ஒரு படத்தைக் கைபேசியில் எடுத்தும் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்

கடைசியில் அருவி. இகுவாசுவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 275 அருவிகள் என்கிறார்கள், அழகுதான், நனைந்துவிடுவீர்கள். பிரேசில் பக்கம் முழுக் காட்சியும் கிடைக்கும். அர்ஜென்டினா பக்கம் அருவியின் தலைமேல் நடக்கலாம். எனக்கு அன்று நடைபாதை முழுவதும் ஒரே எண்ணம்தான் ஓடியது: இது இரண்டு குழாய்.

அணைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பஸ் சவாரியை விட்டுவிட்டு உள்ளே போகும் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யுங்கள். அதிலேயே வெளித்தோற்றமும் போதிய அளவு கிடைக்கிறது. ஒரு குழுவில் சிலரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதால் முன்பதிவு அவசியம். பத்து வயதுக் குழந்தையோடு வருகிறவர்கள் முறை வைத்துக்கொண்டு தனித்தனியாகப் போக வேண்டியிருக்கும். விளக்கேற்றும் இரவுக் காட்சி தினமும் கிடையாது. தவறவிட்டால் வருந்த வேண்டாம். பராகுவே கரைக்குப் போவதற்கு முன் உங்கள் கடவுச்சீட்டுக்கான விசா விதியைச் சரிபார்த்துவிட்டு, திரும்பும்போது இரு பக்கமும் முத்திரை வாங்க மறக்காதீர்கள். பாலத்தில் யாரும் நிறுத்தவில்லையே என்று நடந்துவிட்டால் விமான நிலையத்தில் சிக்கல் வரும். ஆற்றோடு மேலேறி மீன்கள் முட்டையிடப் போவதற்காக அணையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் அமைத்திருக்கிறார்கள், 120 மீட்டர் உயரத்தை மீன்கள் அதன் வழியே ஏறுகின்றன. எங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. சித்தப்பா அதற்காகவே மறுபடி வரலாம் என்கிறார். மதகு திறந்திருக்கும் மாதமாகப் பார்த்து வரலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன், அதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.